வெள்ளைப் புகை, நீலப் புகை



திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் மாணவி, கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள்களில் எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா சீமைக் கருவேல விறகில் கரிமூட்டம் போடுபவர். நெருப்பு எரியக் காற்று வேண்டும் என்று பாடத்தில் படித்திருக்கிறாள். ஆனால் மூட்டத்தில் எங்கே வெடிப்பு விட்டாலும் அப்பா ஓடிப்போய் ஈரமண்ணை அப்பி அடைத்துவிடுகிறார். காற்றை அடைத்தால் நெருப்பு அணைந்துபோக வேண்டுமே, உள்ளே எப்படி இத்தனை நாள் சூடு நிற்கிறது என்பது அவள் கேள்வி. வகுப்பில் கேட்டாளாம். அது பரீட்சைக்கு வராது என்று பதில் கிடைத்ததாம்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் மனசு கனத்துப்போனது. ஆசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பங்குனி மாதம், பாடம் முடிக்க வேண்டிய நெருக்கடி, அவர் பாடு அவருக்கு. ஆனாலும் ஒரு குழந்தை தன் வீட்டு வாசலிலிருந்து எடுத்துவந்த கேள்வி அது. ஆற்றல், வெப்பம், அலை என்று வருசம் முழுக்க நாம் நடத்துவதெல்லாம் இப்படி ஒரு கேள்வி பிறப்பதற்காகத்தானே? மேசையில் உட்கார்ந்து பதில் எழுத மனம் ஒப்பவில்லை. கிளம்பிப் போனேன்.

அருப்புக்கோட்டையில் இறங்கித் திருச்சுழி பஸ் பிடித்தேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் சீமைக் கருவேல், நடுவில் நாலு பனை, ஒரு கண்மாய்க் கரை, மறுபடியும் கருவேல். வெளியூர்க்காரர்களுக்குத் திருச்சுழி என்றால் 1879இல் ரமண மகரிஷி பிறந்த ஊர், திருமேனிநாதர் கோயில், குண்டாறு. அந்த வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது கரி விளையும் பூமியும்கூட. மழை பொய்த்தால் நெல் இல்லை, பருத்தி இல்லை. கருவேலம் மட்டும் நிற்கும். 1870களில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்குள் வந்த மரம். கண்மாயையும் தரிசையும் பிடித்துக்கொண்டதால் அதை அகற்றச் சொல்லி வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. அகற்ற வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் அதை நம்பி அடுப்பு எரிகிற வீடுகளுக்கு வேறு வழி காட்டிவிட்டு அகற்ற வேண்டும்.

மூட்டம் ஊருக்கு வெளியே, கண்மாய் மேட்டில் இருந்தது. ஆள் உயரத்துக்குக் கூடையைக் கவிழ்த்துவைத்த மாதிரி ஒரு மண்குவியல். உள்ளே விறகை நெருக்கி அடுக்கி, மேலே இலைதழையும் வைக்கோலும் போர்த்தி, அதன்மேல் ஈரமண் பூசியிருந்தார்கள். அடியில் அங்கங்கே கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். அவற்றிலிருந்தும் உச்சியிலிருந்தும் கட்டித்தயிர் மாதிரி வெள்ளைப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. பாப்பாவின் அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“வாங்கய்யா. பாப்பா சொல்லுச்சு, நீங்க வருவீகன்னு. இப்ப வர்றது வெள்ளப் பொக, மரத்துல இருக்க தண்ணி போகுது. இது தீந்து நீலமா, சன்னமா வந்துச்சுன்னா கரி ஆயிருச்சுன்னு அர்த்தம்.”

நான் வாயடைத்து நின்றேன். பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை அந்த மனிதர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

தாயி, இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

உன் அப்பா காற்றை முழுக்க அடைக்கவில்லை. கொஞ்சமாக, தனக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் விடுகிறார். அந்தக் கொஞ்சக் காற்றில் மூட்டத்திலுள்ள விறகில் ஒரு சிறு பங்கு மட்டும் எரிகிறது. அந்த நெருப்பின் வெப்பம் மற்ற விறகை எரிப்பதில்லை, வேகவைக்கிறது. இட்லிப் பானையில் நெருப்பு அடியில் இருக்க, மாவு மேலே வேகிற மாதிரி. முதலில் விறகுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2,000 ஜூலுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆகவே ஈரம் இருக்கிற வரைக்கும், கொடுக்கிற வெப்பத்தையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளும். விறகின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டி எளிதில் ஏறாது. வெள்ளைப் புகை நாள்கணக்கில் வருவதற்குக் காரணம் அதுதான்.

ஈரம் போன பிறகு வெப்பநிலை மளமளவென்று ஏறும். ஏறத்தாழ 280 டிகிரியைத் தொட்டதும் ஒரு விசேஷம் நடக்கிறது. மரம் தானாகவே சிதையத் தொடங்கி, சிதையும்போது தானே வெப்பத்தை வெளியிடுகிறது. அதற்குப் பிறகு வெளிக்காற்றின் தயவு பெரிதாக வேண்டியதில்லை. ஓட்டையை அடைத்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். மரத்திலுள்ள வாயுக்களும் தாரும் புகையாக வெளியேறிவிட, கரிமம் மட்டும் தங்கும். அதுதான் கரி. மாறாக, வெடிப்பு விட்ட இடத்தில் காற்று தாராளமாகப் புகுந்தால் கரியும் எரிந்து சாம்பலாகிவிடும். உன் அப்பா இராத்திரியிலும் தூங்காமல் மூட்டத்தைச் சுற்றிச்சுற்றி வருவது அதற்காகத்தான்.

இத்தனை நாள் சூடு எப்படி நிற்கிறது? அந்த மண்போர்வையால். உலர்ந்த மண்ணின் துகள்களுக்கு நடுவே காற்று சிறைப்பட்டுக் கிடக்கிறது. மண்ணும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், அசையாத காற்று அதைவிட மெதுவாக. ஆகவே உள்ளே 400 டிகிரிக்கு மேல் தகிக்கும்போதும், வெளியே உன் அப்பா புறங்கையை வைத்து எந்தப் பக்கம் எவ்வளவு வெந்திருக்கிறது என்று பார்க்க முடிகிறது. அந்தக் கைதான் அவருடைய வெப்பமானி.

ஒரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். காய்ந்த விறகு ஒரு கிலோவை முழுக்க எரித்தால் சுமார் 16 மெகாஜூல் ஆற்றல் கிடைக்கும். ஒரு மெகாஜூல் என்பது எவ்வளவு? வெயில் காலத்தில் குடத்தில் இருக்கிற தண்ணீரில் மூன்றரை லிட்டரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ அவ்வளவு. மண்மூட்டத்தில் ஒரு கிலோ கரி எடுக்க நாலைந்து கிலோ விறகு வேண்டும். 5 கிலோ என்று வைத்துக்கொண்டால் உள்ளே போனது 80 மெகாஜூல். வெளியே வந்த ஒரு கிலோ கரியில் இருப்பது 30க்குச் சற்றுக் குறைவு. மீதி 50?

அழிந்துபோகவில்லை. ஆற்றல் பாடத்தின் அடித்தளமே இதுதான்: ஆற்றல் அழியாது, இடம் மாறும், உருவம் மாறும். அந்த 50இல் ஒரு பகுதி ஆவியோடு போனது. ஒரு பகுதி மண்ணையும் சுற்றியுள்ள காற்றையும் சூடாக்கியது. பெரும்பகுதி எரியாத வாயுவாகப் புகையிலேயே போனது. அந்தப் புகையில் நெடியில்லாமல் நஞ்சான கார்பன் மோனாக்சைடும் உண்டு. உன் அப்பாவுக்கு இருமல் இருந்ததைக் கவனித்தேன். புகை அடிக்கும் திசையில் நிற்க வேண்டாம், மூக்கில் ஈரத்துணி கட்டுவது மட்டும் போதாது, மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். நீயும் நினைவுபடுத்து.

பாதிக்கு மேல் இழந்துவிட்டு எதற்காகக் கரி போட வேண்டும் என்று நீ அடுத்துக் கேட்பாய். எடை குறைவு, லாரியில் ஏற்றலாம். புகையில்லாமல் நின்று எரியும். ஒரே அளவான சூடு தரும். மழைக்காலம் வரைக்கும் வைத்திருந்தாலும் பூச்சி அரிக்காது. ஆற்றல் எவ்வளவு என்பது ஒரு கணக்கு, அது கைக்கு எப்படிக் கிடைக்கிறது என்பது இன்னொரு கணக்கு. கரி வியாபாரத்துக்கு ஆதாரம் இரண்டாவது கணக்குதான்.

அந்த 80 மெகாஜூல் விறகுக்குள் எப்படி வந்தது? வெயிலிலிருந்து. மேகமில்லாத நாளில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் வினாடிக்குச் சுமார் 1,000 ஜூலைக் கொட்டுகிறது. இலை அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு, பெரும்பாலும் அதற்கும் குறைவாகத்தான், பிடித்து மரத்தில் சேர்த்துவைக்கிறது. வருசக்கணக்கில் சேர்த்த வெயிலை உன் அப்பா ஒரு வாரத்தில் வடித்து மூட்டைகட்டுகிறார்.

திரும்பும் வழியில் அருப்புக்கோட்டையில் ஒரு தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவரைப் பார்த்து நின்றேன். பெட்டிக்குள் கரி கனன்றுகொண்டிருந்தது. பள்ளிச் சீருடை ஒன்றில் தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்ததும் ‘சுர்’ரென்று ஆவி எழுந்தது. வெப்பம் பரவும் மூன்று வழிகளையும் அந்தப் பெட்டியிலேயே நடத்தி முடித்துவிடலாம். கனலின் சூடு இரும்பு அடித்தட்டு வழியாகத் துணிக்கு இறங்குகிறது, இது கடத்தல். கைப்பிடி மரம் என்பதால் அந்தச் சூடு அவர் கையை எட்டவில்லை. பக்கத்து ஓட்டைகள் வழியே புதுக்காற்று நுழைய, சூடான காற்று இலேசாகி மேலே எழுகிறது, இது சலனம். அது போதாதபோது பெட்டியைத் தூக்கி முன்னும் பின்னும் வீசுகிறார். சாம்பல் பறந்து கனல் சிவக்கிறது. மூடியைத் திறந்ததும் தொடாமலே என் முகத்தில் அடித்த அனல் கதிர்வீச்சு. 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, நடுவில் காற்றே இல்லாத வெட்டவெளியைத் தாண்டி, எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் சூரியனின் வெப்பம் நம்மிடம் வந்து சேர்வதும் இந்த மூன்றாவது வழியில்தான்.

பெயர்களில் ஒன்றும் தடுக்கிவிழ வேண்டாம். நாம் ஆற்றல் என்று எழுதுவதை இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களில் சக்தி என்பார்கள். நாம் வெப்பச் சலனம் என்பது அங்கே மேற்காவுகை. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் திருச்சுழிப் பிள்ளையும் வேறு வேறு சொல்லை எழுதி அதே மதிப்பெண் வாங்குகிறார்கள். உலையில் அரிசி மேலும் கீழும் சுழல்வது இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

நீர் ஆவியாக வெப்பம் வேண்டும் என்றேனே, அதே விதியில் குளிரும் மண்பானையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தை உள்ளேயிருக்கும் நீரிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் ஆவியானால் அரை லிட்டருக்கு மேற்பட்ட நீர் ஒரு டிகிரி குளிரும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக நீர் ஆவியாகும். ஆகவே அதே பானையை இராமேசுவரத்தில் வைத்தால் கடற்காற்றின் ஈரத்தில் அந்த அளவு குளிராது. மழையில்லாத பூமிக்கு இப்படி ஒரு கொடுப்பினையும் உண்டு. அருப்புக்கோட்டை நெசவாளர்கள் இதே விதியை எதிர்ப்பக்கமிருந்து அறிந்தவர்கள். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேலையை வெயில் ஏறுமுன் விடியற்காலையிலேயே முடித்துவிடுவார்கள். சட்டென்று காய்ந்தால் இழை முறுகி அறுந்துபோகும்.

இனி, நான் சின்ன வயசிலிருந்து மனசில் வைத்திருக்கும் விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். நானும் இந்த வறண்ட சீமையில் பிறந்தவன்தான். பங்குனிப் பொங்கல் நாட்களில் பக்கத்து ஊரில் ரேடியோ செட் கட்டுவார்கள். பனைமர உயரத்தில் குழாய். பகல் முழுக்கப் பாட்டு ஓடும், எங்கள் ஊருக்கு அரைகுறையாகக்கூடக் கேட்காது. இருட்டி ஒன்பது மணிக்கு மேல் பார்த்தால் பாட்டின் வரிகூடப் புரியும். இராத்திரியானால் சத்தத்தைக் கூட்டிவைக்கிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஊர் அடங்கிவிடுவதால் கேட்கிறது என்றார் அம்மா. அது பாதி சரி. மறுபாதியைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்றைக்கும் குறையவில்லை.

பகலில் கரிசல் நிலம் வெயிலைக் குடித்துக் கொதிக்கிறது. கறுப்பு நிறம் ஒளியை அதிகம் உறிஞ்சும். உச்சிப்பொழுதில் வெறுங்காலோடு கரிசல் காட்டைக் கடந்தவர்களுக்கு இதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதனால் தரையை ஒட்டிய காற்று மிகவும் சூடாகவும், மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கும். ஒலி சூடான காற்றில் வேகமாகப் போகும். ஒரு டிகிரி கூடினால் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். 35 டிகிரியில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 352 மீட்டர், 25 டிகிரியில் 346 மீட்டர். வித்தியாசம் சின்னதுதான். ஆனால் இரட்டை மாட்டுவண்டியில் ஒரு மாடு வேகமாகவும் மற்றது கொஞ்சம் மெதுவாகவும் நடந்தால் என்ன ஆகும்? மெதுவாக நடக்கும் மாட்டின் பக்கம் வண்டி திரும்பிவிடும். ஒலி அலையும் அப்படித்தான். பகலில் அலையின் கீழ்ப்பகுதி வேகமாகவும் மேல்பகுதி மெதுவாகவும் போவதால் அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது.

இரவில் எல்லாம் தலைகீழ். மேகமில்லாத வானத்துக்குக் கீழே, நிலம் பகலில் வாங்கியதைக் கதிர்வீச்சாக வெளியே விட்டுவிட்டு விரைவாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே உள்ள காற்று இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. இப்போது மெதுவாகப் போவது அலையின் கீழ்ப்பகுதி. அலை தரையை நோக்கி வளைந்து, பக்கத்து ஊர்ப் பாட்டு நம் திண்ணையில் வந்து இறங்குகிறது. காற்று வீசாத, வானம் தெளிந்த இரவுகளில் இது நன்றாகத் தெரியும். மேகம் மூடிய இரவில் நிலம் அந்த அளவு குளிராது, பாட்டும் அந்த அளவு கேட்காது.

இதே பாடத்தைக் கண்ணால் பார்க்கலாம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் தார்ச்சாலையில் மத்தியானம் நின்றால் கொஞ்ச தூரத்தில் தண்ணீர் தேங்கிப் பளபளப்பது தெரியும். நெருங்க நெருங்க விலகிப்போகும். கானல்நீர். ஒளியும் சூடேறி மெலிந்த காற்றில் துளி வேகமாகப் போகும். வானத்திலிருந்து சாலையை நோக்கி இறங்கும் ஒளி, தரைக்கு அருகே அதே மாட்டுவண்டி மாதிரி மேலே திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. சாலையில் நாம் பார்ப்பது உண்மையில் வானம். பகலில் ஒளியை மேலே திருப்பிக் கானலைக் காட்டும் அதே நிலம், இரவில் ஒலியைக் கீழே திருப்பிப் பாட்டைக் கொண்டுவருகிறது. வெப்பம் ஒரு பாடம், ஒளி ஒரு பாடம், ஒலி ஒரு பாடம் என்று புத்தகத்தில் தனித்தனியாக நிற்பவை அந்தத் தரிசுக்காட்டில் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன.

அலை என்றால் என்ன என்று கேட்டால் கண்மாய்க்குப் போகச் சொல்வேன். கார்த்திகை மழையில் பெருகி, தை மாதத்தில் நிறைந்து கிடக்கும்போது போக வேண்டும். மிதக்கும் வேப்பிலைக்குப் பக்கத்தில் கல்லைப் போட்டால் வட்டம் விரிந்து கரையைத் தொடும். இலை இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். தண்ணீர் பயணம் போகவில்லை, ஆற்றல்தான் போனது.

அங்கேயே இன்னொன்றையும் பாருங்கள். எதிர்க்கரையில் ஒருவர் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருப்பார். துணி கல்லில் படுவது முதலில் தெரியும், ‘தப்’பென்ற சத்தம் பிறகுதான் வரும். இதை வைத்து ஒலியின் வேகத்தை அளந்துவிடலாம், கருவி ஒன்றும் வேண்டாம். அவர் ஒரே தாளத்தில், கிட்டத்தட்ட வினாடிக்கு ஒரு அடி அடிக்கிறார் என்று வையுங்கள். கரையோடு மெல்லப் பின்னால் நடந்துகொண்டே வாருங்கள். ஓரிடத்தில் துணி உச்சியில் இருக்கும்போது சத்தம் கேட்கும். இன்னும் நடந்தால், துணி கல்லில் படுவதும் சத்தம் கேட்பதும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். நீங்கள் கேட்பது அந்த அடியின் சத்தமல்ல, முந்தின அடியுடையது. உங்களுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒலி ஒரு வினாடியில் கடந்திருக்கிறது. தப்படி போட்டு அளந்தால் 350 மீட்டரை ஒட்டி வர வேண்டும். 330 வந்தாலும் 380 வந்தாலும் வருத்தப்படாதீர்கள். அவருடைய தாளம் சரியாக வினாடிக்கு ஒன்றுதானா என்று 20 அடிகளை எண்ணிக் கடிகாரத்தோடு சரிபாருங்கள். இடி மின்னலுக்கும் இதே கணக்குதான்: மின்னலுக்குப் பிறகு மூன்று வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர். ஆனால் அதை வீட்டுக்குள் இருந்து எண்ணுங்கள். பொட்டல்காட்டில் நிற்பவர்களைத்தான் மின்னல் தேடி வரும்.

நம் கையருகே இருப்பதிலிருந்து இயற்பியலைத் தொடங்கலாம் என்பதற்கு சி. வி. ராமன் இருக்கிறார். 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவைக் கண்டதும், 1930இல் நோபல் பரிசு வாங்கியதும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, 1920இல், அவரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் நேச்சர் இதழில் எழுதிய ஒரு குறிப்பு எனக்கு அதைவிட நெருக்கமானது. வெறும் தோலைக் கட்டி அடித்தால் எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இரைச்சலாக இருக்கும். மிருதங்கத்தின் நடுவே அப்பும் கறுப்புச் சோறு தோலின் எடையை நடுவில் கூட்டி, அந்த மேல்சுரங்களை இழுத்து ஒழுங்கான விகிதத்தில் நிறுத்திவிடுகிறது. தந்தி வாத்தியம் போலச் சுருதி பேசுகிறது. வாத்தியம் செய்த கைவினைஞர்கள் காதால் கண்டுபிடித்துவைத்ததை ராமன் கணக்கில் காட்டினார். நல்ல கரி எது என்று நான் கேட்டபோது பாப்பாவின் அப்பா ஆறிப்போன பழைய துண்டுகள் இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்றைத் தட்டிக் காட்டினார். ஒன்று ‘கணீர்’ என்றது. முழுக்க வெந்த கரி. அரைவேக்காட்டுத் துண்டு ‘மொத்’தென்றது. அந்தக் காது மிருதங்கம் செய்தவர்களின் காதுக்கு உறவு என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பல ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. 2,500 ஏக்கர், ஏறத்தாழ 25 லட்சம் பலகைகள். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அப்போது உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. வெயில் எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு மின்சாரம் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்கிறார்கள். பலகைக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் மின்சாரமாகும். மீதியில் பெரும்பகுதி பலகையையே சூடாக்கும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பலகையின் திறன் நூற்றுக்குச் சுமார் 0.4 குறைகிறது. சித்திரை வெயிலில் பலகை 60 டிகிரிக்குப் போனால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். வானம் தெளிந்து, காற்று குளிர்ந்து வீசும் தை மாதத்து மத்தியானம்தான் பலகைக்குப் பிடித்த நேரம். அப்படியும், கருவேல இலை நூற்றில் ஒன்றைப் பிடித்த இடத்தில் பலகை பதினைந்துக்கு மேல் பிடிக்கிறது. ஆனால் இலை தான் பிடித்ததை மரத்தில் சேமித்துவைக்கும். பலகைக்குச் சேமிக்கத் தெரியாது, அதற்குத் தனியாக பேட்டரி வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வெப்பப் பாடத்துக்கு உதாரணம் எழுதச் சொன்னால் மூட்டத்தையும் தேய்ப்புப் பெட்டியையும் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் போடுங்கள். புத்தகத்தில் இல்லாத உதாரணம் என்பதற்காக அடித்துவிடாதீர்கள். சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே நடக்கும் வகுப்பறைகளில் இன்னொன்றும் செய்யலாம். மத்தியானம் இரண்டு மணிக்கு உச்சந்தலையில் இறங்கும் அனல், ஷீட் வெயிலை வாங்கிக் கீழே விடும் கதிர்வீச்சு. கூரையின் மேற்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப்போய்விடும். ஷீட்டில் பிள்ளைகள் ஏறக் கூடாது, அது உடையும். பெரியவர்கள் ஆள்வைத்துச் செய்ய வேண்டிய வேலை. அடிப்பதற்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும் ஆய்வகத்து வெப்பமானியை ஒரே உயரத்தில், ஒரே நேரத்தில் தொங்கவிட்டுக் குறித்துவைப்பது பிள்ளைகள் வேலை.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். பங்குனிப் பொங்கல், சித்திரைத் திருவிழா என்று இனி ஊருக்கு ஊர் ரேடியோ செட் கட்டுவார்கள். பக்கத்து ஊர்ப் பாட்டு உங்கள் வீட்டுத் திண்ணைக்கு எத்தனை மணிக்குக் கேட்கத் தொடங்குகிறது, எத்தனை மணிக்கு வரிகள் தெளிவாகப் புரிகின்றன, விடிந்து எப்போது மறைகிறது என்று குறியுங்கள். அன்றைக்கு வானம் தெளிவா, மேகமா, காற்று எந்தத் திசையிலிருந்து என்பதையும் எழுதுங்கள். அந்த ஊருக்கும் உங்கள் ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று பெரியவர்களிடம் கேட்டுச் சேருங்கள். ஒரு நாள் மட்டும் போதாது, மூன்று இரவுகளாவது வேண்டும். வைகாசி முதல் வாரத்துக்குள் வந்துசேரும் தாள்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஆனி இதழில் ஒரு பெரிய அட்டவணையாக வெளியிடுவோம்.

தாயி, உன் கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதி அழித்திருந்ததையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். மூட்டத்தைப் பிரிக்கும்போது தண்ணீர் ஊற்றினால் ஏன் சில கரிக்கட்டை வெடிக்கிறது என்று கேட்டிருக்கிறாய். அதை ஏன் அழித்தாய்? நல்ல கேள்வி. மேல்பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது, உள்பக்கம் இன்னும் சூட்டில் விரிந்தே இருக்கிறது. இழுபறியில் கட்டை விரிசல் விடுகிறது. விரிசலுக்குள் புகுந்த தண்ணீர் நொடியில் ஆவியாகிப் பல நூறு மடங்கு விரிந்து தள்ளுகிறது. இரண்டில் எதன் பங்கு அதிகம் என்று பார்க்க, அடுத்த மூட்டம் பிரிக்கும்போது தள்ளி நின்று கவனி: பெரிய கட்டைகள் அதிகம் வெடிக்கின்றனவா, சின்னவையா? தண்ணீர் பட்டதுமே சத்தம் வருகிறதா, கொஞ்சம் கழித்தா? எழுதி அனுப்பு. இந்த முறை எதையும் அழிக்காதே.

அன்புடன்,
ஆசிரியர்